கண்டியில் உடையும் படமும்: ஒரு முன்னோடி ஆய்வு

தலதா மாளிகை, பெரஹரா, 1815ஆம் ஆண்டு ஒப்பந்தம் என்று கண்டியைப் பற்றிய ஆராய்ச்சிகளுக்குக் குறைவில்லை. ஊர் பார்க்க வந்தவர், முன்பின் தெரியாத ஒருவரை அவர் உடுத்திய உடைக்காகவே படம் பிடிக்கிறாரே, அதற்கு மட்டும் பேராதனைப் பல்கலைக்கழகம் இன்னும் ஒரு துறை திறக்கவில்லை. அந்த வெற்றிடத்தை நிரப்பவே இக்கட்டுரை.

ஆய்வுக்களம், பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் தாவரவியல் பூங்கா. 1821இல் தொடங்கியது, 147 ஏக்கர். சுபநாளில் அங்கே பூக்களோடு மாப்பிள்ளைகளும் பூத்திருப்பார்கள். கண்டியச் சிங்கள மாப்பிள்ளை என்றால் நாற்கோணத் தொப்பி, புடைத்த தோள்கள், சரிகைச் சட்டை, இடுப்பில் கெஜக்கணக்கில் சுற்றிய துணி. அந்தக் காலத்துத் திசாவைமார் அரசவைக்கு உடுத்தியது. இன்று பெரும்பாலும் வாடகைக்கு வருவது. இந்த உடையில் சௌகரியமாக உட்கார முடியாது. ஆகவே மாப்பிள்ளை நிற்கிறார். நிற்பவரைப் படமெடுப்பது எளிது. முந்நூறு வருடப் பாரம்பரியம் கமராவுக்குள் வந்துவிட்டதென்று பயணி பூரிக்கிறார். மாப்பிள்ளையின் கவலையோ, தொப்பியை நசுங்காமல் கடையில் திருப்பிக் கொடுப்பது.

இதிலிருந்து நாம் பெறும் விதி: ஓர் உடையை ஒருவர் எவ்வளவு அரிதாக உடுத்துகிறாரோ, அவ்வளவு அதிகமாக அவர் படமாவார். எதிர்ச்சான்றும் உண்டு. காலை ஏழு மணிக்குக் கண்டி பஸ் நிலையத்தில் ஒசரி கட்டிய டீச்சர்மார் கொப்பிக் கட்டுகளோடு பஸ்ஸுக்கு முண்டியடிக்கிறார்கள். அதுவும் கண்டியப் பாரம்பரிய உடைதான். கொசுவ மடிப்பில் குறை சொல்ல முடியாது. கமராக்காரர் அவர்களை விலக்கிக்கொண்டு பூங்காவுக்கு பஸ் தேடுகிறார்.

நுவரெலியா வீதியில் இவ்விதி இன்னும் துல்லியமாகப் பொருந்துகிறது. மலையில் கொழுந்து பறிப்பவர் இடுப்பில் படங்கைக் கட்டி, பழைய சட்டையை மேலே மாட்டி, அட்டைக்கடியோடு நிற்கிறார். அவருக்குக் கூட்டமில்லை. வீதியோரம் பளிச்சென்ற சேலையும் புதுக் கூடையுமாக நிற்பவரிடம்தான் வேன்கள் நிற்கின்றன. அவர் வாங்கும் அன்பளிப்பைக் குறைசொல்ல இவ்வாய்வாளருக்கு மனமில்லை. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபாயாக 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சிரிப்புக்கான கூலியோ சம்பளச் சபைக்குப் போகாமலே அன்றன்றைக்குக் கைக்கு வருகிறது.

வரலாற்று முன்னுதாரணம் தேடினால் ஜூலியா மார்கரெட் கமரூன் அம்மையார் கிடைக்கிறார். புகழ்பெற்ற ஆங்கிலேயப் படக்கலைஞர். 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் டிக்கோயாவில் காலமானவர். கணவர் கோப்பித் தோட்டங்களுக்குச் சொந்தக்காரர். தமிழ்த் தொழிலாளரையும் ஊராரையும் அம்மையார் எடுத்த படங்களில் யாரும் சிரிக்கவில்லை. அக்கால ஈரத்தகட்டு முறையில் நெடுநேரம் அசையாமல் நிற்க வேண்டும் என்பது தொழில்நுட்பக் காரணம். படமெடுப்பவர் துரைசாணியாக இருந்தால் 'வேண்டாம்' என்ற சொல் வாயில் வராது என்பது நமது துணைக் காரணம். களுத்துறையில் அவரைக் காணவந்த ஓவியர் மரியான் நோர்த்தும் தப்பவில்லை. புழுக்கத்தில் அவர்மீது காஷ்மீரக் கம்பளித் துணிகளைச் சுற்றி, கூந்தலை அவிழ்த்துவிட்டு, தென்னோலைக்கு முன்னால் நிறுத்திவிட்டார் அம்மையார். பாரம்பரிய உடை அகப்படாவிட்டால் அந்த இடத்திலேயே தயாரித்துக்கொள்ளலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஒரு சிக்கல் மட்டும் மிஞ்சுகிறது. தலதா மாளிகைக்குள் போக முழங்காலும் தோளும் மூடியிருக்க வேண்டும். அரைக்காற்சட்டையில் வந்த வெள்ளைக்காரர் வாசலில் ஒரு சாரத்தைத் தாறுமாறாகச் சுற்றி, அவிழாமலிருக்க ஒரு கையால் பிடித்தபடி நடக்கிறார். சுற்றுலா வந்த பள்ளிப் பிள்ளைகள் அவரைச் சூழ்ந்து செல்ஃபி எடுக்கிறார்கள். அவர் அந்நியர்; உடை பாரம்பரியம்; அணிந்தது வாழ்நாளில் முதல்முறை. நமது விதிப்படி, கண்டியில் அதிகம் படமாக வேண்டியவர் அவர்தான்.