மலைக்குப் போய் வந்தவர்

ரயில்வே கேட் சாத்தியிருக்கிறது. இரண்டு பக்கமும் லாரி, பஸ், நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர். நடுவில் கிடைத்த இண்டு இடுக்கெல்லாம் பைக். எவனோ விடாமல் ஹாரன் அடிக்கிறான். அப்போதுதான் நம் தோளில் ஒரு கை விழும்.

"தம்பி, அங்க நின்னா ஒரு அமைதி இருக்கு பாரு... அத வாயால சொல்லவே முடியாது."

சொல்வார். கேட் திறக்கும்வரை சொல்வார்.

வெள்ளியங்கிரிக்குப் போய் வந்தவர்களுக்கு நீடாமங்கலம் கேட்டை விட்டால் தோதான இடம் கிடையாது. 2011-ல் மன்னார்குடிக்கு மறுபடி ரயில் வந்ததிலிருந்து கேட் சாத்துவதும் கூடிப்போனது. என்ஜின் முன்னே போகும், பின்னே வரும். அரிசி ஏற்றிய கூட்ஸ் நகரும், நிற்கும், யோசிக்கும். நாமெல்லாம் கடியாரத்தைப் பார்த்துப் புழுங்கிக்கொண்டிருப்போம். இவர் நிதானமாக வண்டியை அணைத்து ஸ்டாண்டு போடுவார். கூட்ஸின் முதல் பெட்டி வரும்போது பூண்டி அடிவாரத்தில் மூங்கில் கழி வாங்குவார். கடைசிப் பெட்டி போவதற்குள் ஏழாவது மலையேறி சுயம்புலிங்கத்தின் முன்னால் நின்றுவிடுவார். கணக்குத் தப்பாது. என்றைக்காவது கேட் சீக்கிரம் திறந்துவிட்டால் நம்மை நாலாவது மலையிலேயே விட்டுவிட்டு, "மிச்சத்த நாளைக்குச் சொல்றேன்" என்று கிளம்புவார். சொன்ன சொல் தவறாதவர்.

அமைதியைப் பற்றிப் பேச இவ்வளவு பெரிய தொண்டை வேண்டும் என்று எனக்கு அதுவரை தெரியாது. ஹாரனைத் தாண்டிக் கேட்க வேண்டுமே! "சத்தமே இல்ல தம்பி! ஒரு பொட்டுச் சத்தம் இல்ல!" என்று அவர் கத்தியதில் பக்கத்து பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை வீறிட்டு எழுந்தது. அதன் அம்மா பார்த்த பார்வையை அவர் கவனிக்கவில்லை. அப்போது அவர் கைதட்டிச் சுனையில் இருந்தார்.

"அங்க வேற ஆளே கெடையாதாண்ணே?"

"ஆளா? கால் வைக்க எடமில்லடா!"

வனத்துறை பிப்ரவரியிலிருந்து மே வரைதான் மலையேற விடுகிறது. ஏற நினைக்கிற தமிழ்நாடெல்லாம் அந்த நாலு மாதத்துக்குள் ஏறி இறங்கியாக வேண்டும். அதிலும் இவர் போனது சிவராத்திரிக்கு. முன்னால் போகிறவனின் குதிகாலைப் பார்த்தபடியே விடிய விடிய ஏறியிருக்கிறார். அந்தக் குதிகாலில்தான் அமைதியைக் கண்டாரோ என்னவோ.

எங்கள் பக்கம் மலை கிடையாது. உயரம் என்றால் மன்னார்குடி ராஜகோபாலசாமி கோயில் கோபுரம், 154 அடி. அதையும் அண்ணாந்து பார்ப்பதோடு சரி. அதனால் மேடு ஏறி இறங்கியவனுக்கு இங்கே தனி மரியாதை. மூங்கில் கழியை இன்னும் டீக்கடைக்கு எடுத்து வருகிறார். டீயில் சர்க்கரையை விட்டுவிட்டார், வடையை விடவில்லை. 2024 அக்டோபரில் அரசு அறிவித்த 40 மலையேற்றப் பாதைகளையும் மாவட்டவாரியாக ஒப்பிப்பார்.

அமைதிதான் வேண்டுமென்றால் மூணாறு தலைப்பு எதற்கு இருக்கிறது? வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று தண்ணீர் மூன்றாகப் பிரிகிற இடம். சாயங்காலம் மதகோரம் போய் உட்கார்ந்தால் யார் வந்து என்ன கேட்கப் போகிறார்கள்? ஒருநாள் சொல்லியும் பார்த்தேன். "அங்க கொசுடா" என்றார்.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். சிவராத்திரி வருவது மாசியில். எங்கள் பக்கத்தில் அறுத்த தாளடி நெல் கொள்முதல் நிலையத்து வாசலில் முறைக்குக் காத்துக் கிடப்பதும் அப்போதுதான். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள். இந்த வகை ஆட்களுக்கெல்லாம் ஒரு பங்காளி இருப்பான். "தம்பி, என் நெல்லையும் ஒரு பார்வை பாத்துக்க" என்று அவனிடம் சொல்லிவிட்டு இவர்கள் பஸ் ஏறிவிடுவார்கள். அன்று ராத்திரி பார்த்து மழை பிடிக்கும். பங்காளி இரண்டு அம்பாரத்துக்கும் நடுவில் டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு ஓடுவான். ஒரு படுதாதான் இருக்கும். இன்னொன்றைக் காணோம். யார் நெல்லை மூடுவது? தன் நெல்லை நனையவிட்டு அவர் நெல்லை மூடுவான், நாளைக்குப் பேச்சு வரக்கூடாதே என்று. அப்புறம் வெயிலில் கொட்டி, காலால் கிளறி, ஈரம் பார்த்து, மறுபடி கிளறி, மூட்டை போட எத்தனை நாள் ஆகும் என்று மலையில் இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்? போன் போட்டால் டவர் இல்லை.

திரும்பி வந்தபோது அவரால் திண்ணைப்படிகூட இறங்க முடியவில்லை. அண்ணி இரண்டு முழங்காலுக்கும் நல்லெண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தார். எனக்கென்று அண்ணன் ஒரு பொட்டலம் விபூதி எடுத்து வைத்திருந்தார். மேலே என் அம்மா பெயரைச் சொல்லிக் கற்பூரம் ஏற்றியிருக்கிறார். அதை மட்டும் கேட்டில் வைத்து யாரிடமும் சொன்னதில்லை.

கோபம் பாதி இறங்கித்தான் போயிற்று. அப்போதுதான் கொடியில் படுதா காய்வதைப் பார்த்தேன். என் படுதா. ஓரம் நீளத்துக்குக் கிழிந்து, செம்மண் அப்பியிருந்தது.

"அடிவாரத்துல விரிச்சுப் படுக்க எடுத்துட்டுப் போனேன் தம்பி. தரையெல்லாம் ஒரே கல்லு."

"நெல்லு நனைஞ்சு போச்சுண்ணே."

கண்ணை மூடிக்கொண்டார். "பத்த விடணும்டா," என்றார். "மலை அதத்தான் சொல்லுது."