கேள்வி நேரத்தில் ஒரு கப்பல்

கப்பல் டிக்கெட் கிடைக்காததற்கும் டெல்லியில்தான் கேள்வி கேட்க வேண்டுமா?
– வாசகர், ஃபீனிக்ஸ் பே

வேறெங்கே கேட்பது? அந்தமானுக்குச் சட்டமன்றம் இல்லை. மாநிலங்களவையில் இடமும் இல்லை. மக்களவையில் ஒரே ஓர் உறுப்பினர். 1967-க்கு முன் அவரையும் குடியரசுத் தலைவரே நியமித்தார். உங்கள் ஜெட்டிக்கும் அந்த ஒரே உறுப்பினர்தான், கிரேட் நிக்கோபாருக்கும் அவர்தான். அமைச்சர் எழுந்து நின்று பதில் சொல்லும் கேள்விகள் மக்களவையில் ஒரு நாளைக்கு 20. எவருடையது வரும் என்பதைக் குலுக்கல் முடிவு செய்யும். கப்பலுக்கு வரிசை, கேள்விக்குக் குலுக்கல்! உள்ளூர்க் குறையை உள்ளூரிலேயே கேட்க ஓர் அவை உங்களுக்கு வேண்டும்.

எங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் உள்துறையா, வெளியுறவா?

நிர்வாகம் உள்துறையின் கீழ். ஆனால் சென்னையைவிட மியான்மரின் கோகோ தீவுகளும் இந்தோனேசியாவின் சுமத்ராவும்தான் உங்களுக்குப் பக்கம். இருவரையும் கேளுங்கள்.

அமைச்சர் மழுப்பினால்?

விடாமல் கேட்க வேண்டும். எல்.ஐ.சி. பணம் தொழிலதிபர் முந்த்ராவின் நிறுவனங்களுக்குப் போனது பற்றி 1957-இல் மக்களவையில் கேட்டார்கள். உறுப்பினர் ஃபெரோஸ் காந்தி விடவில்லை. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். அவரும் ஃபெரோஸும் ஒரே கட்சி.