கிலோ எவ்வளவு?

எங்கள் வீட்டுப் பொமரேனியனுக்குக் கடுகு என்று பெயர். உள்ளங்கையில் அடங்குகிற குட்டியாக வந்தபோது வைத்தது. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பார்கள். எங்கள் கடுகு சிறுக்கிற பேச்சே இல்லை.

பொமரேனியனிடம் ஒரு வசதி, பெருத்தாலும் தெரியாது. எல்லாம் முடி என்று சொல்லிக்கொள்ளலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை குளிப்பாட்டும்போதுதான் குட்டு வெளிப்பட்டது. நனைந்தால் இந்த ஜாதி நாய் பாதியாகிவிட வேண்டும். கடுகு நனைந்தும் முழுசாக நின்றது.

டாக்டரம்மா அதன் விலாவை அழுத்திப் பார்த்துவிட்டு, என் புறங்கையை என்னையே தடவச் சொன்னார். “எலும்பு தட்டுப்படுதில்ல? விலா இப்படி இருக்கணும்.” பிறகு கையைத் திருப்பி உள்ளங்கையைக் காட்டினார். “உங்க நாய் இப்படி இருக்கு.”

3 கிலோ இருக்க வேண்டியது 3.9 கிலோ. தொள்ளாயிரம் கிராம்தானே என்றேன். “70 கிலோ ஆளு 91 கிலோ ஆன மாதிரி சார்,” என்றவர் என் வயிற்றைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த தடுப்பூசி அட்டவணையைப் படிக்க ஆரம்பித்தேன்.

சின்ன நாய்களுக்கு முழங்கால் சில்லு நழுவும், மூச்சுக்குழாய் அமுங்கும், எடை ஏறினால் இரண்டும் மோசமாகுமாம். மாடிப்படி ஏறினால் கடுகு வாத்து மாதிரி கத்தி இருமும். அதைக் கோபம் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தோம். கழுத்துப் பட்டையை எடுத்துவிட்டு மார்போடு மாட்டும் பட்டை வாங்கச் சொன்னார். “அதுக்காகப் பட்டினி போட்றாதீங்க. இத்துனூண்டு உடம்பு, சட்டுனு சர்க்கரை இறங்கிடும்.”

கணக்கும் போட்டுக் கொடுத்தார். 3 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு 160 கலோரி. அதில் பத்தில் ஒரு பங்குதான் நொறுக்குத்தீனி, அதாவது 16. ஒரு மேரி பிஸ்கட்டே ஏறக்குறைய 25 வரும். கடுகுக்கு ஒரு முழு பிஸ்கட் தின்னும் யோக்கியதை கிடையாது.

வீட்டில் விசாரணை வைத்தேன். அப்பா காலைக் காபியோடு ஒரு பிஸ்கட். அம்மா சாம்பாரில் தோய்த்த இட்லி விள்ளல். சாம்பாரில் வெங்காயம், அது நாய்க்கு ஆகவே ஆகாது. வாட்ச்மேன் பன். யாரைக் கேட்டாலும் “ஒரே ஒரு துண்டுதாம்பா”. ஃப்ரிட்ஜில் ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிட்டு, கொடுப்பதை எழுதச் சொன்னேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், நோட்டுப்படி அந்த நாய் எதையுமே தின்னவில்லை. எடை 50 கிராம் கூடியிருந்தது.

அந்த 50 கிராமைக் கண்டுபிடித்தது தனிக் கதை. நாயைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, பிறகு தனியாக ஏறிக் கழித்தால், நிற்கிற நிலையைப் பொறுத்து அரைக் கிலோ முன்னேபின்னே வந்தது. என் எடை மட்டும் தவறாமல் சரியாகத் தெரிந்தது. வேறு வழியில்லாமல் தெருமுனைத் தள்ளுவண்டிக்குத் தூக்கிப்போனேன். முதல் தடவை, தக்காளித் தட்டில் கடுகு உட்கார்ந்ததும் மெஷின் 3.900 காட்டியது. தக்காளி விலை 40 அப்படியே பதிந்திருந்ததால் பக்கத்திலேயே 156 ரூபாய் என்றும் காட்டியது. கண்ணாடி போடாமல் வந்த ஒரு பாட்டி, “கிலோ எவ்வளவுப்பா?” என்றார்.

இதற்குள் அப்பா வரலாற்றுக்குப் போய்விட்டார். விக்டோரியா மகாராணி 1888இல் இத்தாலியிலிருந்து கொண்டுபோன மார்க்கோ என்ற பொமரேனியன் 12 பவுண்டு, ஐந்தரைக் கிலோவுக்குக் கொஞ்சம்தான் குறைவு. “மகாராணியவே எந்த டாக்டரும் கேக்கல.” அந்தக் காலத்தில் அந்த ஜாதியே பெரியது என்று சொன்னால் யார் கேட்கிறார்கள்?

கடைசியில் கைகொடுத்தது ஓர் எவர்சில்வர் டப்பா. அன்றைய தீனியைக் காலையில் கிராம் கணக்கில் நிறுத்து அதில் போட்டுவிடுவேன். கொஞ்சுகிறவர்கள் எத்தனை தடவை வேண்டுமானாலும் கொஞ்சலாம், அந்த டப்பாவிலிருந்துதான் எடுத்துக் கொடுக்க வேண்டும். உபரியாக வெள்ளரி, கேரட் துண்டுகள். “நாய்க்குக்கூடவாடா விரதம்?” என்று அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கேரட் துண்டுகளைக் கடுகு மரியாதையாக வாங்கிப்போய் சோபாவுக்கு அடியில் வரிசையாக வைத்தது.

நாலு மாதம் கழித்து மறுபடி தள்ளுவண்டி. 3.300 கிலோ. இருமல் நின்றுவிட்டது, விலா கைக்குத் தட்டுப்படுகிறது. நான் பெருமையோடு நிமிர்ந்தேன். கடைக்காரர் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். தக்காளி அன்று 60.

“என்ன சார், இளைச்சும் 198 ஆயிடுச்சே!”