மருமோனுக்கு ஒரு தாங்கி யோசனை

கட்டு மருமோன், கட்டு. கிளிவெட்டியில உன்ர தாங்கிதான் உயரமா நிக்கோணும். ஆயிரம் லீற்றர் எண்டாத் தண்ணி மட்டுமே ஒரு தொன். அதை இருபதடிக்கு மேல ஏத்தி வைச்சிட்டு, கீழ நாலு தூணையும் மெல்லிசா விடு. குறுக்கு பீம் என்னத்துக்கு? சீமெந்து மிச்சம். நிலம் ஆடினாத்தானே பயம். இஞ்ச ஆடாதெண்டு நீதான் பூமாதேவியிட்ட எழுதி வாங்கி வைச்சிருக்கிறாயே. 2018 செப்டெம்பரில திருகோணமலைப் பக்கம் லேசா ஆடினது, அவ புரண்டு படுத்ததாக்கும்.

குஜராத்தில 2001 ஜனவரி 26, குடியரசு தினக் காலையில 7.7 அளவில குலுங்கினது. சோபாரி எண்ட ஊரில 265,000 லீற்றர் பிடிக்கிற தாங்கி, பாதித் தண்ணியோட விழுந்து போச்சு. அந்தப் பக்கத்துத் தாங்கிகள் கனக்க ஒற்றைக் காலில நிண்டவை. உள்ள வெறுமையான வட்டச் சுவர், அதுக்கு மேல தொட்டி. சுவர்த் தடிப்பு ஆறு, எட்டு அங்குலம்தான். விழாம நிண்டதுகள் பலதிலயும் அடிப்பக்கத்தில சுத்திவர வெடிப்பு.

பாரம் உச்சியில, முறிவு அடியில. ஒற்றைச் சுவர் வெடிச்சாப் பாரத்தை வாங்க வேற ஆளில்லை. குறுக்கு பீம் போட்ட தூணெண்டா ஒண்டு தளர மற்றது பிடிக்கும். எங்கட அத்தான், உன்ர அப்பாதான், எஞ்சினியருக்குப் படிக்கேல்ல. ஆனா யானைக்காவலுக்குப் பரண் போடேக்க நாலு காலையும் குறுக்குக் கம்பால இறுக்கிப்போட்டுத்தான் ஏறுவார்.

தண்ணிக்கும் ஒரு குணம் இருக்கு. அடித்தண்ணி தொட்டியோட ஒட்டி ஆடும். மேல்தண்ணி தன்ர பாட்டுக்கு ஆறுதலா அலையடிக்கும். ஹவுஸ்னர் எண்ட அமெரிக்கர் 1963லயே இதை ரெண்டு பாரமாப் பிரிச்சுக் கணக்குப் போட்டிட்டார். விளிம்பு முட்ட நிரப்பினா அலையடிக்க இடமில்லை, முழுப் பாரமும் ஒண்டா ஆடும். அதால நீ தாங்கியைக் கட்டிப்போட்டு வெறுமையா வைச்சிரு. ஆபத்துக் குறைவு, ஊருக்கும் உயரம் தெரியும்.

நாளைக்கு மேசன் வாறாராம். தூணுக்கு வளையக் கம்பியை நெருக்கமாக் கட்டச் சொல்லிப்போடாத, பாவம், கை நோகும். பீமுக்குக் காசு காணாதெண்டு முகத்தைத் தொங்கப் போடாம, படலைக்கு வைக்கப்போற ரெண்டு சிங்கமும் என்ன விலையெண்டு ஒருக்கா விசாரிச்சுப் பாரன். ஒரு சிங்கத்தை வித்தாலே பீமுக்குக் கம்பி வாங்கலாம்போல கிடக்கு.