சம நீளமும் சமமற்ற நீளமும்: டொயோட்டா 86 உரிமையாளரின் செவி குறித்த ஓர் ஆய்வு

1. முன்னுரை

என்ஜினின் ஒவ்வொரு சிலிண்டரிலிருந்தும் புகையைத் தனித்தனிக் குழாயில் வாங்கி, ஓரிடத்தில் ஒன்றுசேர்த்துப் பின்னால் அனுப்பும் உறுப்பு ஹெட்டர் எனப்படும். காரை வாங்கும்போதே அது காரில் இருக்கிறது. ஒழுங்காக வேலையும் செய்கிறது. அப்படியிருந்தும் அதைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டு வேறொன்றைக் காசு கொடுத்து மாட்டும் வழக்கம் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் காணப்படுகிறது. செய்பவர்கள் படித்தவர்கள், வேலையில் இருப்பவர்கள், மற்ற காரியங்களில் நிதானமானவர்கள். இவ்வழக்கத்தின் உண்மைக் காரணத்தைக் கண்டறிவதே இவ்வாய்வின் நோக்கம்.

ஆய்வின் கருதுகோள் பின்வருமாறு: மனிதன் ஹெட்டரைக் காதால் தேர்ந்தெடுக்கிறான், முதுகால் அளக்கிறான், வரைபடத்தால் நியாயப்படுத்துகிறான்.

2. ஆய்வு எல்லை

உலகின் எல்லாக் கார்களையும் ஆராய ஓர் ஆயுள் போதாது. எனவே 2012-இல் விற்பனைக்கு வந்த டொயோட்டா 86, அதன் இரட்டைப்பிறவியான சுபாரு பிஆர்இசட் ஆகிய இரண்டுமே ஆய்வுக்களம். இரண்டும் ஜப்பானின் குன்மா மாகாணத்தில் உள்ள சுபாரு ஆலையில் பிறந்தவை. இரண்டிலும் இருப்பது எஃப்ஏ20 என்ற பாக்ஸர் வகை என்ஜின். இதில் சிலிண்டர்கள் நிமிர்ந்து நிற்பதில்லை. பக்கத்துக்கு இரண்டாகப் படுத்திருக்கின்றன. கொள்ளளவு 1,998 சிசி. சிலிண்டரின் விட்டம் 86 மி.மீ., பிஸ்டனின் வீச்சும் 86 மி.மீ. நிமிடத்துக்கு 7,000 சுற்றில் 200 குதிரைத்திறன். 6,400 முதல் 6,600 சுற்றில் 205 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது சுழற்றுவிசை.

இத்தனை இலட்சணத்துக்கும் ஒரு திருஷ்டிப் பொட்டு உண்டு. ஏறத்தாழ 3,500 முதல் 4,500 சுற்று வரை டார்க் கோடு கீழே இறங்கி மீண்டும் ஏறுகிறது. இதை இனி ‘பள்ளம்’ என்போம். விளம்பரத்தில் அச்சாகும் எண்கள் 6,000-க்கு மேலே வசிக்கின்றன. அன்றாடம் வேலைக்குப் போய்வருகிறவர் குடியிருப்பதோ பள்ளத்தில். ஹெட்டர் வாங்கும் எவரும் தம் வாதத்தை இந்தப் பள்ளத்திலிருந்துதான் தொடங்குகிறார். அவர் சொல்லும் காரணம் இது. உண்மைக் காரணமும் இதுதானா என்பதே நம் ஆய்வுச் சிக்கல்.

3. முன்னோடிகள்

வெளியேறும் புகை தன் வேகத்தாலேயே பின்னால் ஒரு வெற்றிடத்தை விட்டுச்செல்லும், அதைப் பயன்படுத்திப் புதுக்காற்றை உள்ளே இழுக்கலாம் என்ற எண்ணத்துக்கு 1930-களில் காப்புரிமை பெற்றவர் மிஷேல் கடனாசி. அவ்விளைவு இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. 1960-களில் ஃபோர்டு ஜிடி40 பந்தயக் காரின் வி8 என்ஜினில் ஒரு பக்கத்துக் குழாய்கள் மறுபக்கம் தாவி, ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. பார்த்தவர்கள் ‘பாம்புக் கட்டு’ என்றே பெயரிட்டார்கள். அந்தப் பின்னல் அழகுக்காகச் செய்ததல்ல. புகைத் துடிப்புகள் சம இடைவெளியில் வந்து சேர வேண்டும் என்பதற்காகச் செய்தது. ஆக, குழாய் அறிஞர்களின் நெடுநாள் இலட்சியம் சமத்துவம். இது பின்னால் தேவைப்படும்; வாசகர் நினைவில் வைக்க.

4. கோட்பாடு

வெளியேற்று வால்வு திறந்ததும் புகையோடு ஓர் அழுத்த அலையும் கிளம்புகிறது. புகை பின்தங்கும், அலை அந்தச் சூட்டில் நொடிக்குச் சுமார் 550 மீட்டர் வேகத்தில் முன்னே ஓடும். குழாய்கள் சேருமிடத்தில் வழி அகலுவதால், அலை அங்கே புரண்டு அழுத்தம் குறைந்த அலையாக வால்வை நோக்கித் திரும்பும். அது வந்து சேரும் கணத்தில் உள்வால்வும் வெளிவால்வும் ஒருசேரத் திறந்திருந்தால் மிச்சப் புகையை வெளியே உறிஞ்சி, புதுக்காற்றையும் உள்ளே இழுத்துவிடும். காசில்லாமல் கிடைக்கும் வலிமை இது.

நேரம் தவறினால் கதை வேறு. 80 செ.மீ. நீளக் குழாயில் போய்வர 1.6 மீட்டர், ஆகும் நேரம் ஏறத்தாழ 3 மில்லி நொடி. 7,000 சுற்றில் ஓடும் என்ஜினில் அந்நேரத்துக்குள் கிராங்க் மூன்றில் ஒரு சுற்றுக்குச் சற்று மேல் திரும்பிவிடும். 4,000 சுற்றிலோ ஐந்தில் ஒரு சுற்றுதான். ஆகவே ஒரு நீளம் ஒரு வேகத்துக்கே உற்ற துணை. மற்ற வேகங்களில் அந்த அலை பந்தி முடிந்தபின் வந்து நிற்கும் விருந்தாளி; சில சமயம் இலை போடுமுன்பே வந்துவிடுகிறவர். பள்ளத்தின் காரணங்களில் ஒன்று இங்கே இருக்கிறது. வேறு ஹெட்டரை மாட்டி, அதற்கேற்ப என்ஜினின் கணினியையும் ட்யூன் செய்தால் பள்ளம் பெருமளவு தூர்ந்துவிடுகிறது. இதை ஆய்வாளர் மறுக்கவில்லை. பள்ளவாதிகள் சொல்வது பொய்யல்ல. முழு உண்மையும் அல்ல.

5. வகைப்பாடு

சேரும் முறையால் ஹெட்டர் இருவகை. நான்கு குழாயும் ஒரே இடத்தில் கூடுவது 4-1. இரண்டிரண்டாகச் சேர்ந்து பிறகு ஒன்றாவது 4-2-1. முன்னது உச்ச வேகத்தில் வலிமை தரும். பின்னது நடுவேகங்களில் பரவலாகத் தரும். பள்ளத்தை நிரப்ப விரும்புகிறவர் எதை நாடவேண்டும் என்பது வெளிப்படை.

நீளத்தால் ஹெட்டர் மேலும் இருவகை. இங்கேதான் ஆய்வு சூடுபிடிக்கிறது. சுபாரு பாக்ஸரில் தீப்பற்றும் வரிசை 1-3-2-4. 1-ம் 3-ம் ஒரு பக்கம். 2-ம் 4-ம் மறுபக்கம். அதாவது ஒரு பக்கத்தில் அடுத்தடுத்து இரண்டு வெடிப்பு, அப்புறம் மறுபக்கத்தில் இரண்டு. என்ஜினுக்குள் இடைவெளி சமம்தான். ஆனால் ஒரு பக்கத்துப் புகை கிட்டத்திலேயே கூடுமிடத்தை அடைய, மறுபக்கத்துப் புகை என்ஜினின் அடிவயிற்றைச் சுற்றிக்கொண்டு வந்தால், சமமாகக் கிளம்பிய துடிப்புகள் ஏறுமாறாக வந்து சேரும். அதுவே சுபாருவின் புகழ்பெற்ற தடதட ஒலி. சுருங்கச் சொன்னால், அது குழாய் நீளத்தில் இருந்த ஒரு கோணல்.

இந்தக் கோணலை நிமிர்த்தப் பொறியாளர்கள் பாடுபட்டார்கள். 2003-இல் ஜப்பானில் வெளிவந்த சுபாருவின் நான்காம் தலைமுறை லெகசி காரில் சம நீளக் குழாய்கள் வந்தன, ஒலி அடங்கியது. 86-க்கும் தொழிற்சாலை தந்தது சம நீள வகைதான். உடனே சந்தையில் என்ன முளைத்தது? சமமற்ற நீள ஹெட்டர். பளபளக்கும் 304 ஸ்டெயின்லெஸ் எஃகில், 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் கலந்து, தேர்ந்த கைகளால் டிக் வெல்டிங் செய்து, பொறியாளர்கள் நீக்கிய அதே குறையை மீட்டுத் தருகிறார்கள். குறை நீங்கிய பொருளைப் பரணில் ஏற்றிவிட்டுக் குறையை விலை கொடுத்து வாங்கும் நிகழ்வை டார்க் வரைபடத்தால் மட்டும் விளக்கிவிட முடியாது.

6. பொருத்துமுறை

எஃப்ஏ20-இல் புகைத்துளைகள் கீழ்நோக்கி இருப்பதால் ஹெட்டர் என்ஜினுக்கு அடியில் தொங்குகிறது. எனவே இது மல்லாந்து செய்யும் தொழில். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழையலாகாது. ஸ்டாண்ட் போட்டபின்பே நுழைய வேண்டும்.

முதல் நாளே நட்டுகளில் துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிட வேண்டும். அவசரக்காரர் ஸ்பேனரில் நீளக் குழாயைச் செருகி ஓங்கி இழுப்பார். நட்டு வராது, ஸ்டட் முறிந்து வரும். முறிந்த துண்டைத் துளைத்தெடுத்துப் புதிய மரை வெட்டும் செலவு ஹெட்டர் விலையில் சேராது என்பதால் எந்த விளம்பரத்திலும் அது இல்லை. ஆக்சிஜன் சென்சரைக் கழற்ற 22 மி.மீ. சாக்கெட் வேண்டும், ஒயர் நுழையப் பக்கவாட்டில் பிளந்திருக்க வேண்டும். பழைய கேஸ்கட்டை மீண்டும் போடுவது சிக்கனமல்ல, கசிவுக்கு முன்பதிவு. நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, படிப்படியாக, டார்க் ரென்ச்சால் முடுக்க வேண்டும். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போவது தகாது. எஃகு சூட்டில் வளரும் பொருள்: அரை மீட்டர் ஸ்டெயின்லெஸ் குழாய் 600 பாகை சூடேறினால் சுமார் 5 மி.மீ. நீளும். எனவே சில முறை சூடாகி ஆறிய பின் நட்டுகளை மீண்டும் சரிபார்க்க வேண்டும்.

ஸ்டார்ட் செய்யுமுன் குழாயை ஸ்பிரிட்டால் துடைப்பது முக்கியம். கைரேகையின் எண்ணெய்ப் பிசுக்கு முதல் சூட்டிலேயே எஃகில் கறையாகப் படிந்துவிடும். பிறகு குழாய் பொன்னிறமாகி, ஊதாவாகி, நீலமாகும். மேற்பரப்பில் வளரும் ஆக்சைடுப் படலம் ஒளியோடு விளையாடும் விளையாட்டு அது. உரிமையாளர் இவ்வண்ணங்களைப் படம் எடுக்கிறார். காரின் அடியில், எவர் கண்ணிலும் படாத இடத்தில் உள்ள உறுப்பு இது என்பது குறிக்கத்தக்கது.

7. அளவீடு

இருக்கையில் சாய்ந்து ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது முதுகு உணரும் அழுத்தமே இத்துறையின் முதன்மைக் கருவி. அதன் சிறப்பு, செலவழித்த தொகைக்கு ஏற்ப அளவு காட்டுவது. ஒலி கூடினால் வேகமும் கூடியதாகவே அது பதிவுசெய்யும். என்ஜினின் வலிமையை அளக்கும் டைனோ எந்திரத்துக்கு இந்தப் பண்பு இல்லை. ஆனால் அன்றைய வெப்பநிலை, டயரின் காற்று, என்ஜினின் சூடு ஆகியவற்றால் அதன் எண்ணும் மாறும். ஒரே காரை அடுத்தடுத்து ஓட்டினாலேயே ஓரிரு குதிரைகள் கூடும், குறையும். ஆகவே கூடியதை ஹெட்டர் கணக்கிலும் குறைந்ததை வெயில் கணக்கிலும் எழுதும் மரபு வளர்ந்திருக்கிறது.

8. தடையும் விடையும்

‘இது சட்டத்துக்கு உட்பட்டதா?’ எனின், கேள்வி நியாயமே. 86-இன் அசல் ஹெட்டருக்குள் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் சேர்ந்தே இருக்கிறது. அது இல்லாத ஹெட்டரை மாட்டினால் நச்சுப்புகை கூடும். பி0420 என்ற குறியீட்டோடு எச்சரிக்கை விளக்கும் எரியும். அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டம் கன்வெர்ட்டரை நீக்குவதைத் தடைசெய்கிறது. கலிபோர்னியாவில் மாற்று உறுப்புக்கு அம்மாநிலக் காற்றுவள வாரியத்தின் ஆணை எண் இருக்க வேண்டும். ஜப்பானில் புதுக் கார் முதலில் மூன்றாண்டு கழித்தும் பிறகு இரண்டாண்டுக்கு ஒருமுறையும் ‘ஷாகென்’ சோதனைக்குப் போகிறது. சோதனை நெருங்கும்போது சிலர் பரணிலிருந்து பழைய ஹெட்டரை இறக்கி மாட்டி, தேறியதும் மறுபடி மாற்றுகிறார்கள். ஆக, மல்லாந்த நிலைத் தொழில் ஒருமுறையோடு முடிவதில்லை. கன்வெர்ட்டரோடு கூடிய, அனுமதி பெற்ற ஹெட்டர்களும் கிடைக்கின்றன. ஆய்வாளரின் பரிந்துரை அதுவே.

‘காதுதான் காரணம் என்பதற்கு ஹெட்டர் வாங்காதவரிடம் சான்று உண்டா?’ எனின், தயாரிப்பாளரே சான்று. முதல் தலைமுறை 86-இல் என்ஜின் காற்றை உறிஞ்சும் ஓசையைக் காருக்குள் கடத்துவதற்கென்றே ஒரு குழாய் வைத்தார்கள். அது வலிமைக்கு ஒன்றும் செய்வதில்லை. வாங்குகிறவருக்குக் காது இருப்பதைத் தொழிற்சாலை அறிந்திருந்தது.

9. முடிவு

கருதுகோளைச் சோதிக்க எளிய வழி, பள்ளத்தை மட்டும் நீக்கிவிட்டு மற்றதை அப்படியே விட்டுப் பார்ப்பது. அச்சோதனையைத் தயாரிப்பாளர்களே நடத்திவிட்டார்கள். 2021-இல் வந்த இரண்டாம் தலைமுறையில் என்ஜின் 2,387 சிசி ஆகியது. டார்க் 250 நியூட்டன் மீட்டர், அதுவும் 3,700 சுற்றிலேயே. பழைய பள்ளம் இருந்த இடத்தில் இப்போது சிகரம் நிற்கிறது. ஓசையைக் கூட்ட இம்முறை ஸ்பீக்கரே வைத்திருக்கிறார்கள்.

பள்ளம்தான் காரணமென்றால் ஹெட்டர் வணிகம் அத்தோடு ஓய்ந்திருக்க வேண்டும். ஓயவில்லை. புதிய காருக்கும் ஹெட்டர் விற்கிறது, சமமற்ற நீளம் உட்பட. கருதுகோள் நிறுவப்பட்டது. வாங்க நினைப்பவர் பள்ளத்தைக் காரணம் காட்ட வேண்டியதில்லை. ‘சத்தம் பிடிக்கும்’ என்று சொல்லி வாங்கலாம். டைனோக் கூலியாவது மிஞ்சும்.