ரூபியின் சாப்பாட்டு டப்பா

கேள்வி: அமெரிக்கப் பள்ளிகளில் நிறப் பிரிவினை உடைந்ததை விருந்து, பானம், சினிமா என்று நினைவுகூர விரும்புகிறோம். எந்த நாளில், என்ன பரிமாறலாம்?
- வாசகி ஒருவர், திருச்சி

பதில்: நவம்பர் 14! நமக்குக் குழந்தைகள் தினம். 1960-இல் அதே நாளில்தான் ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி ரூபி பிரிட்ஜஸ், மத்திய அரசின் மார்ஷல்கள் காவலுடன் நியூ ஆர்லியன்ஸில் அதுவரை வெள்ளையர் மட்டுமே படித்த வில்லியம் ஃபிரான்ட்ஸ் தொடக்கப் பள்ளிக்குள் நடந்தாள். அன்று திங்கட்கிழமை. திங்கள் என்றால் அந்த ஊரில் சிவப்பு பீன்ஸும் சோறும். நம் ராஜ்மா சாதத்துக்குப் பங்காளி. குடிக்கச் சிக்கரி கலந்த காபி. இந்த விஷயத்தில் அவர்களும் நம் கும்பகோணத்துக்காரர்களும் சம்பந்திகள்! சுவரில், நார்மன் ராக்வெல் ரூபியைத் தீட்டி, 1964-இல் வெளியான ஓவியத்தின் பிரதி: வெள்ளை கவுனில் சிறுமி, பின்னால் சுவரில் சிதறிய தக்காளி. திரையில், 1998-இல் வந்த 'ரூபி பிரிட்ஜஸ்' படம்.

ஆனால் விருந்தின் நடுவில் ஒரு சாப்பாட்டு டப்பா இருக்கட்டும். விஷம் வைப்பதாக ஒரு பெண் மிரட்டியதால், வீட்டிலிருந்து கொண்டுவந்ததை மட்டுமே ரூபி சாப்பிட்டாள். வெள்ளைக்காரப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆசிரியை பார்பரா ஹென்றி அவள் ஒருத்திக்காகவே வகுப்பு நடத்தினார்.

அதனால் உங்கள் விருந்து சமபந்தியாக இருக்கட்டும். அறிமுகமில்லாதவர் பக்கத்தில் உட்காருங்கள். ரூபியின் மதியச் சாப்பாட்டில் குறைந்தது உப்பு அல்ல, பக்கத்தில் உட்கார ஒரு தோழி. அந்தத் தோழமையை முதலில் பரிமாறுங்கள். பீன்ஸ் பிறகு வரட்டும்.