ஐந்தாவது வட்டம் தொடர்பாக

அனுப்புநர்: பிளவக்கல் அணைத் தண்ணீரை நம்பி நாற்றுப் பாவும் ஒரு பாசனதாரர், வத்திராயிருப்பு வட்டம், விருதுநகர் மாவட்டம்.

பெறுநர்: தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம், சென்னை.

பொருள்: வேலைக்கு ஆள் எடுத்தல் – பாராட்டும் ஒரு மாதிரி வினாவும் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆணையத்தாருக்கு,

1929இல் மெட்ராஸ் சர்வீஸ் கமிஷன் என்று பிறந்தவர்கள் தாங்கள். இந்திய மாகாணங்களிலேயே முதல் பிள்ளை. நூறை எட்டப்போகும் பெரியவர்களிடம் குறை சொல்வது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. தவிர, நாம் உறவுமுறை வேறு. தங்கள் கடிதத் தாளின் உச்சியில் நிற்கும் கோபுரம் எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம். மதுரைக்காரர்கள் வேறு மாதிரி சொல்வார்கள். காதில் வாங்க வேண்டாம்.

2025 ஜூலை 12 அன்று குரூப் 4 நடத்தினீர்கள். அறிவிக்கையில் 3,935 இடம். விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 13.9 லட்சம். ஒரு நாற்காலிக்கு முந்நூற்றைம்பது பேர். எங்கள் பக்கத்துக் கூமாபட்டியைப் பற்றிய ரீல்ஸ் பார்த்துவிட்டு அதே கோடையில் எங்கள் அணையைத் தேடி வந்த கூட்டமே எங்களுக்குத் தாங்கவில்லை. தாங்களோ தேர்வுக்கு வந்த அத்தனை பேரையும் மூன்று மணி நேரம் சத்தமில்லாமல் உட்கார வைத்துவிட்டீர்கள். ஊர்த் திருவிழாவில் இதைச் செய்ய எந்த நாட்டாமையாலும் ஆகாது.

அதைவிட வியப்பு, கேள்வித்தாள் ஒன்றே ஒன்று. கிராம நிர்வாக அலுவலருக்கும் தட்டச்சருக்கும் வனக்காப்பாளருக்கும் அதே 200 வினா, அதே 300 மதிப்பெண். அடங்கலில் பயிர்க்கணக்கு எழுதப்போகிறவரும், மலையில் எச்சத்தைப் பார்த்து எந்த விலங்கு என்று சொல்லப்போகிறவரும் ஒரே நூலாசிரியரின் ஊரை மனப்பாடம் செய்கிறார்கள். வனப் பணிகளுக்கு மட்டும் பிறகு ஒரு நடை உண்டு: நான்கு மணி நேரத்தில் ஆண்கள் 25 கிலோமீட்டர், பெண்கள் 16. வேலைக்கும் தேர்வுக்கும் சம்பந்தம் இருப்பது அந்த ஓரிடத்தில்தான். எப்படியோ தங்கள் கண்ணுக்குத் தப்பிவிட்டது. எங்கள் மலை 2021இல் புலிகள் காப்பகமானது. வேட்டைத் தடுப்புக் காவலர்கள் தற்காலிகப் பணியில் அந்த நடையைத் தினமும் நடக்கிறார்கள். நூலாசிரியரின் ஊர்தான் தெரியாது.

இனி விடைத்தாளின் ஐந்தாவது வட்டத்துக்கு வருகிறேன். எந்த முதலாளிக்கும் எளிதில் தோன்றாத ஒன்று அது. 2019 செப்டம்பரில் நடந்த குரூப் 4இல், ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் சிலர் மறையும் மையில் எழுதினார்கள். தாள்கள் சென்னைக்குப் போகிற வழியில் வட்டங்கள் தாமாகவே திருந்திக்கொண்டன. 99 பேருக்கு வாழ்நாள் தடை விதித்தீர்கள். காலி வட்டம் இருந்தால்தானே எவனாவது நிரப்புவான் என்று யோசித்து, ‘விடை தெரியவில்லை’ என்று ஐந்தாவதாக ஒன்று வைத்தீர்கள். தெரியாததையும் கறுப்பு மையால் அழுத்தி நிரப்பியாக வேண்டும். எந்த வட்டம் எத்தனை என்று எண்ணி எழுதவும் வேண்டும். கணக்குப் பிசகினால் மதிப்பெண் போச்சு.

திருடனைத் தடுக்க இதைவிட நல்ல பூட்டு கிடையாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பூட்டு செய்வதிலேயே ஆணையத்தின் மூளையெல்லாம் செலவாகிவிட்டதோ என்று ஒரு சின்னச் சந்தேகம். உள்ளே வருகிறவனுக்கு வேலை தெரியுமா என்று கேட்க ஒரு வட்டமும் மிச்சமில்லையே.

எங்கள் கண்மாய்களுக்கு நீர்பாய்ச்சி என்று ஒருவர் உண்டு. அவரை அமர்த்தும்போது ஆயக்கட்டு முழுக்கத் திரண்டு ஒரு போகம் வேலை வாங்கிப் பார்க்கும். கடைமடை வயல் நனைந்ததா? மேல்மடைக்காரர் நீட்டிய சுருட்டுக்கு மயங்கினாரா? மழை ராத்திரியில் மடையில் நின்றாரா, வீட்டில் தூங்கினாரா? எல்லாம் பார்த்துத்தான் களத்தில் நெல் அளப்பார்கள். நல்ல தேர்வுதான். ஆனால் அந்தத் தேர்வு எழுதவே இன்ன தெருவில், இன்னார் மகனாகப் பிறந்திருக்க வேண்டும். தங்கள் தேர்வில் அதைக் கேட்பதில்லை. சிபாரிசுக் கடிதம் இல்லாத வீட்டுப் பிள்ளை நம்பி உட்காரும் ஒரே பெஞ்சு தங்களுடையது. அதனால்தான் இந்தக் கடிதத்தில் இத்தனை பணிவு.

எனவே பெஞ்சை எடுத்துவிட வேண்டாம். 200இல் ஒரு வினாவை மட்டும் எங்கள் ஊருக்கு விட்டுக்கொடுக்கக் கோருகிறேன். மாதிரி இதோ:

ஐப்பசி மழையில் கண்மாய் நிரம்பிவிட்டது. இரவு பதினோரு மணி. கரை கசிகிறது. மேல்மடைக்காரரும் கடைமடைக்காரரும் மண்வெட்டியோடு எதிரெதிரே நிற்கிறார்கள். கிராம நிர்வாக அலுவலர் முதலில் செய்ய வேண்டியது:

(அ) இருவரிடமும் பட்டா நகல் கேட்பார்
(ஆ) தாசில்தாருக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவார்
(இ) கரைக்கு மணல்மூட்டை சேர்க்க ஆள் கூப்பிடுவார்
(ஈ) கைபேசியை அணைத்துவிடுவார்
(உ) விடை தெரியவில்லை

தற்காலிக விடைக்குறிப்பு வெளியிட்டதும், வழக்கம்போல் ஆட்சேபம் தெரிவிக்க ஏழு நாள் தாருங்கள். மேல்மடைக்காரர்கள் (அ) என்பார்கள், வழக்கு நடக்கும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கடைமடைப் பாசனதாரர்